சேத்துல கை வைங்க, பாஸ்!

வீக் எண்ட் ட்ரிப் என்றால் உங்க கேங்குக்கு மகாபலிபுரத்தையும் பாண்டியையும் விட்டா வேற ஊரே தெரியாதா? அதே கல்லு, அதே போஸு, அதே பரோட்டா சால்னா. போதும் பாஸ்! இந்த வாரம் ஒரு சேஞ்சுக்கு, டீ செலவை மட்டும் பாக்கெட்டில் வெச்சுக்கிட்டு ஒரு இடத்துக்குப் போகலாம் வாங்க. போட்டுக்க வேண்டியது பழைய பேண்ட். எடுத்துக்க வேண்டியது ஒரு செட் மாத்து டிரெஸ். மூக்கு கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருந்தா ரொம்ப நல்லது.

சென்ட்ரல் மூர் மார்க்கெட் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறுங்க. வலது பக்க ஜன்னல் சீட் கிடைச்சா லக்கு. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் என்று வடசென்னையை ஒவ்வொன்றாகக் கடந்து வண்டி எண்ணூரில் நிற்கும். இறங்கிடாதீங்க. இன்னும் ஒரு ஸ்டேஷன், அத்திப்பட்டு புதுநகர் வரை போங்க. நடுவில் ட்ரெயின் ஒரு பாலத்தில் ஏறும். கீழே தகதகன்னு விரிஞ்சு கிடக்கும் தண்ணீர், ஓரத்தில் கொஞ்சம் அலையாத்திச் செடி, நடுவில் ஒற்றைக் காலில் நாரை, பின்னாடி வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கும் மின் நிலையப் புகைபோக்கிகள். ஒரே ஃப்ரேமில் சொர்க்கமும் ஃபேக்டரியும்! அதுதான் நம்ம ஸ்பாட். எண்ணூர்க் கழி.

கொசஸ்தலை ஆறு கடலைத் தொடுகிற இடம் இது. தெற்கு வடக்காகப் பக்கிங்ஹாம் கால்வாய் குறுக்கே ஓடுகிறது. வடக்கே போனால் பழவேற்காடு ஏரி. ஆத்துத் தண்ணியும் கடல் தண்ணியும் கலக்கும் இந்த மாதிரி இடங்களுக்குப் புத்தகத்தில் 'கழிமுகம்' என்று பேர். இங்கே இருக்கிறவங்க கடல் வாயை 'முகத்துவாரம்' என்றும், உள்ளே இருப்பதைக் 'கழி' என்றும் சொல்கிறார்கள். ஒரு ஊருக்குப் பேரே முகத்துவாரக்குப்பம்!

நான் இங்கே வந்து சேர்ந்தது சொந்த ஆர்வத்தில் இல்லை. ப்ளஸ் டூவில் என்கூடப் படிச்ச ஒருத்தி இப்போ கடல் உயிரியல் படிக்கிறாள். "சண்டே ஃப்ரீயா? வெயிட் தூக்க ஆள் வேணும்" என்று போன் பண்ணினாள். என்ன வெயிட் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கணும்.

வெயிட்டின் பேர் 'வான் வீன் கிராப்'. ரெண்டு இரும்புக் கிண்ணங்களை வாயோடு வாய் சேர்த்த மாதிரி இருக்கும். ஜே.சி.பி.யின் குட்டித் தங்கச்சின்னு வெச்சுக்கங்க. வாயைத் திறந்த நிலையில் கொக்கி மாட்டிக் கயிற்றில் கட்டித் தண்ணிக்குள் விட்டால், தரையைத் தொட்டதும் கொக்கி கழன்றுவிடும். கயிற்றை இழுத்தால் வாய் மூடி, ஒரு கவளம் சேற்றை அப்படியே கவ்விக்கொண்டு மேலே வரும். 1933-ல் வான் வீன் என்கிற டச்சு இன்ஜினீயர் கண்டுபிடிச்சது. பேட்டரி கிடையாது, சாஃப்ட்வேர் அப்டேட் கிடையாது, இன்னிக்கும் உலகம் பூரா அதே டிசைன்தான் ஓடுது. இழுக்கிறவன் முதுகெலும்பைப் பற்றி மட்டும் வான் வீன் யோசிக்கவில்லை.

"ஏண்டி, தண்ணி சுத்தமா இல்லையான்னு பார்க்கணும்னா ஒரு பாட்டில் தண்ணிய எடுத்து டெஸ்ட் பண்ண வேண்டியதுதானே? எதுக்கு சேறு?" என்றேன், மூச்சு வாங்கியபடி.

அவள் சொன்ன பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரையே. உங்க கிளாஸ் அட்டெண்டன்ஸை நினைச்சுப் பாருங்க. தண்ணீர் என்பது மாஸ் கட் அடிக்கிற பார்ட்டி. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஓதம் ஏறி இறங்குது. ராத்திரி ஒரு குழாயைத் திறந்துவிட்டு மூடிவிட்டால், காலையில் நீங்கள் பாட்டிலோடு வரும்போது அந்தத் தண்ணி கடலில் எங்கோ இருக்கும். உங்க பாட்டிலில் விழுவது இந்த நிமிஷத்துத் தண்ணி. பரம சாதுவா நிற்கும்.

சேற்றுக்குள் இருக்கிற புழு, மட்டி, சின்ன நண்டு, பூச்சி மாதிரி இருக்கிற குட்டி இறால் வகைகள் எல்லாம் அப்படி இல்லை. மீன் என்றால் நாறும்போது நீந்தி ஓடிவிடும். இதுங்களால ஓட முடியாது. மாசக்கணக்கில், சிலது வருஷக்கணக்கில், அதே இடத்தில் உட்கார்ந்து எது வந்தாலும் அனுபவித்தாக வேண்டும். அதனால் எது இருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்று பார்த்தாலே, போன ஆறு மாசத்துல இங்கே என்ன நடந்திருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் எடுத்த முதல் கவளத்தில் மணல் அதிகம். அதை அரை மில்லிமீட்டர் ஓட்டை உள்ள சல்லடையில் கொட்டித் தண்ணி ஊற்றி அலசணும். நம்ம வீட்டில் ரவை சலிக்கிற மாதிரிதான். மண் போய்விடும், மேலே நிற்பது நமக்கு. உடைஞ்ச கிளிஞ்சல், ஒரு குட்டி மட்டி, நெளிகிற ரெண்டு மூணு புழு. கிட்டே வெச்சுப் பார்த்தால் மண்புழு மாதிரி மொழுக்கென்று இல்லை. ரெண்டு பக்கமும் வரிசையா துடுப்பு மாதிரி கால், அதில் மயிர். செம அழகு! பாலிகீட் என்று பேர். ஆயிரக்கணக்கான வகை இருக்காம்.

உள்ளே போகப் போக மேட்டர் மாறியது. கிராப் வாயைத் திறந்ததும் அழுகின முட்டை நாத்தம். மேலே மெல்லிசா ஒரு பழுப்புத் தோல், அதுக்குக் கீழே மை மாதிரி கறுப்புச் சேறு. இதை நீங்களே பார்த்துப் புரிஞ்சுக்கலாம். பழுப்பு என்றால் அங்கே ஆக்ஸிஜன் போகிறது. கறுப்பு என்றால் போகவில்லை. புழுக்களும் நண்டுகளும் வளை தோண்டித் தோண்டி ஆக்ஸிஜனைக் கீழே கொண்டு போகும். தோண்ட ஆள் இல்லாத இடத்தில் பழுப்பு மேலேயே நின்றுவிடும். கல்யாண வீட்டில் கேக் வெட்டுகிற மாதிரி சேற்றை வெட்டிப் பார்த்து அவள் ஸ்கேலால் அளந்து எழுதிக்கொண்டாள்.

"ஒரு கவளத்தை வெச்சுத் தீர்ப்பு எழுதிடாத. ஒவ்வொரு இடத்திலும் குறைஞ்சது மூணு அள்ளணும். மழைக்கு முன்னாடி, பின்னாடி ரெண்டு சீசனும் வரணும்" என்றாள். அதாவது நான் இன்னும் வெயிட் தூக்கணும்.

சரி, சல்லடையில் வந்ததை வைத்து எப்படி மார்க் போடுவது? ஹாஸ்டல் மெஸ்ஸை நினைச்சுக்கங்க. சாம்பாரில் லேசா உப்பு கூடினாலே தட்டை வெச்சுட்டு வெளியே போகிற ஒரு கோஷ்டி. முணுமுணுத்துக்கிட்டே சாப்பிடுகிற ஒரு கோஷ்டி. எது போட்டாலும் கண்டுக்காத ஒரு கோஷ்டி. மத்தவங்க சாப்பிடாம விட்டதை ரெண்டாவது ரவுண்டு வாங்குகிற ஒரு கோஷ்டி. கடைசியா, மெஸ் நாறிப்போய் எல்லாரும் ஓடின பிறகு வந்து ஜாலியா டேரா போடுகிற கோஷ்டி. இப்போ மெஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்து யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணினால், சாம்பாரை டேஸ்ட் பண்ண வேண்டியதே இல்லை!

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியைச் சேர்ந்த ஆங்கெல் போர்ஹாவும் அவர் சகாக்களும் 2000-ல் இதைத்தான் ஒரு கணக்காக மாற்றினார்கள். ஆம்பி என்று பேர். சேற்று உயிர்களை ஐந்து கோஷ்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று பார்த்து, முறையே 0, 1.5, 3, 4.5, 6 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி 100-ஆல் வகுக்க வேண்டும். பாதி முதல் கோஷ்டி, பாதி மூன்றாவது கோஷ்டி என்றால் 1.5. லேசான தொந்தரவு. எல்லாமே கடைசி கோஷ்டி என்றால் 6. உயிரே இல்லை என்றால் 7. இந்தப் பரீட்சையில் மார்க் குறைஞ்சாதான் பாஸ்! அதே 2000-ல் வந்த ஐரோப்பிய யூனியன் தண்ணீர்ச் சட்டம், கழிமுகத்துக்கு கிரேடு போடும்போது சேற்று உயிர்களையும் பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டது. நம்ம ஊரில் கடலோர நீருக்கு எஸ்.டபிள்யூ. 1-லிருந்து 5 வரை வகுப்பு பிரித்திருக்கிறார்கள். அதில் பெரும்பாலும் பார்ப்பது நம்ம பாட்டில் தண்ணியைத்தான்.

அந்த பாஸ்க் பகுதியில்தான் பில்பாவோ நகரம் இருக்கு. இரும்பாலை, கப்பல் பட்டறை, ஊர்ச் சாக்கடை எல்லாம் கலந்து அதன் நெர்வியோன் கழிமுகத்தில் ஒரு காலத்தில் பல இடங்களில் சேறு செத்தே கிடந்தது. 1990-லிருந்து சாக்கடையைச் சுத்திகரிக்க ஆரம்பித்தார்கள். புழுவும் மட்டியும் வருஷக்கணக்கில் ஒவ்வொரு கோஷ்டியாகத் திரும்பி வந்தன. எல்லாரும் அந்த ஊரில் 1997-ல் திறந்த குகன்ஹைம் மியூசியத்தைத்தான் பார்க்கப் போகிறார்கள். என்னைக் கேட்டால் மியூசியத்துக்குப் பின்னாடி ஓடுகிற ஆத்துச் சேறுதான் பெரிய அதிசயம்.

எண்ணூருக்கு வருவோம். இங்கே போட்டை நிறுத்தி ஆழமில்லாத இடத்தில் இறங்கலாம் என்று காலை வைத்தேன். போட் ஓட்டின அண்ணன் என் காலரைப் பிடித்து இழுத்தார். "செருப்பு போட்டுக்கோப்பா, கிழிச்சிடும்!" குனிந்து பார்த்தால் தரை முழுக்கக் கறுப்பா, விரல் நீளம்கூட இல்லாத ஆளி, ஒன்றோடொன்று நூல் போட்டுப் பின்னி, பாய் விரித்த மாதிரி. இவர்கள் வைத்திருக்கும் பேர் 'காக்கா ஆழி'. சயின்ஸில் மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா. சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கா! கப்பலின் பேலன்ஸுக்காக நிரப்பும் தண்ணியிலோ, கப்பல் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டோ வந்திருக்கும் என்கிறார்கள். கேரளாவில் கொச்சி, அஷ்டமுடி காயல்களிலும் வந்துவிட்டது. உப்பு கூடினாலும் குறைஞ்சாலும் அதுக்குக் கவலையில்லை.

"எவ்வளவு உயிர் இருக்கு பாரு! அப்போ ஹெல்த்தியான இடம்தானே?" என்று நான் கேட்டு மாட்டிக்கொண்டேன். அங்கேதான் ட்விஸ்ட். எத்தனை பேர் என்பது முக்கியமில்லை, எத்தனை வகை என்பதுதான். இதை அளக்க ஷானன் இண்டெக்ஸ் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கிளாட் ஷானன் 1948-ல் தகவல் தொடர்பு பற்றி எழுதின கணிதத்திலிருந்து வந்தது. இ.சி.ஈ. மக்களே, உங்க சிலபஸில் என்ட்ரோபின்னு வருமே, அதேதான். அதை வெச்சுதான் இங்கே புழு எண்ணுகிறார்கள்! எல்லாம் ஒரே வகை என்றால் அந்த எண் பூஜ்யம். காக்கா ஆழி பாய் விரித்த இடத்தில் மத்ததெல்லாம் மூச்சுத் திணறும். மஞ்ச மட்டி போச்சு, இறால் பதுங்க மண் கிடைக்கல என்று மீனவர்கள் சொல்லிச் சொல்லி, விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

அதுக்கு முன்னாடியே இந்தக் கழிக்குச் சாம்பல் பிரச்னை இருக்கு. அனல் மின் நிலையச் சாம்பலைத் தண்ணியில் கரைத்துக் கொண்டு போகும் குழாய்கள் வருஷக்கணக்கில் கசிந்து, சாம்பல் கழிக்குள் படிந்தது. 2022-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இதில் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. பவுடர் மாதிரி சாம்பல் மேலே படிந்தால், புதுசா வந்து தரையில் உட்காரப் பார்க்கும் மட்டிக் குஞ்சுக்கும் புழுக் குஞ்சுக்கும் இடம் ஏது?

மதியம் ஓதம் வற்றியபோது கழிக்குள் சில பெண்கள் இறங்கினார்கள். வலை கிடையாது. தூண்டில் கிடையாது. மார்பளவு தண்ணியில் உட்கார்ந்து, ரெண்டு கையாலும் தரையைத் தடவிக்கொண்டே நகர்கிறார்கள். பனை ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்திருக்கிறார்கள். கையில் இறால் சிக்கினால் பறிக்குள். இருளர் மக்கள் காலங்காலமாகச் செய்கிற கைப்பிடி. யோசிச்சுப் பாருங்க, நாங்கள் இரும்பு கிராப்பை வெச்சு ஒரு நாளில் ஏழெட்டு இடத்தில் அள்ளினோம். இவங்க விரல் தினமும் இந்தத் தரையை அங்குலம் அங்குலமாகப் படிக்கிறது. எங்கே மணல் சாம்பலாச்சு, எங்கே காக்கா ஆழி வந்துச்சு, எந்த மாசம் இறால் நின்னுச்சு, எல்லாம் விரலிலேயே இருக்கு. ஒரு அக்கா கையைக் காட்டினார். கோடு கோடா ஆழி கிழிச்ச காயம்.

ஜாலியா வந்த எனக்கு அங்கேதான் சுருக்கென்றது.

இன்னொரு விஷயமும் இருக்கு. 2017 ஜனவரி 28 ஞாபகம் இருக்கா? காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கரை ஒதுங்கியது. காலேஜ் பசங்க உட்பட எத்தனையோ பேர் வாளியால் அள்ளினார்கள். உங்க சீனியர்கள் யாராவது அதில் இருந்திருக்கலாம். அடுத்தது 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிக்குள்ளேயே எண்ணெய் வந்தது. படகு, வலை, அலையாத்தி, கூழைக்கடா, எல்லாம் கறுப்பு. கேமராக்கள் வந்தன, போயின. மேலே மிதந்ததை அள்ளினார்கள். கீழே இறங்கினது?

அமெரிக்காவில் வெஸ்ட் ஃபால்மவுத் என்று ஒரு ஊர். 1969 செப்டம்பரில் 'ஃப்ளோரிடா' என்ற எண்ணெய்ப் படகு அங்கே தரை தட்டியது. பக்கத்திலேயே வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வு நிலையம். ஹோவர்ட் சாண்டர்ஸ் என்ற விஞ்ஞானி உடனே சேற்றை அள்ளி எண்ண ஆரம்பித்தார். எண்ணெய் பட்ட இடத்தில் எல்லாம் செத்துப்போய், கேப்பிட்டெல்லா என்ற ஒரு புழு மட்டும் கூட்டம் கூட்டமாகப் பெருகியது. நம்ம மெஸ்ஸின் கடைசி கோஷ்டி! அதை உட்கார்ந்து நோண்டின கிராசில் தம்பதி 1976-ல் சொன்னது இன்னும் சுவாரஸ்யம். ஒரே புழு என்று நினைத்தது அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கிற ஆறு வகை! எண்ணெய் அத்தோடு போய்விடவும் இல்லை. முப்பது வருஷம் கழித்து அந்தச் சதுப்பைத் தோண்டினால் அடியில் இன்னும் இருந்தது. அங்கே இருந்த நண்டுகள் வளையை ஆழமாகத் தோண்டாமல், எண்ணெய் அடுக்கு வந்ததும் திரும்பிவிட்டன என்று 2007-ல் எழுதினார்கள்.

எண்ணூரில் இதே மாதிரி 'எண்ணெயால் இவ்வளவு செத்தது' என்று யாராவது கணக்கு சொன்னால், உடனே எதிர்த் தரப்பு ஒரு கேள்வி கேட்கலாம். புயல் வெள்ளத்தில் நல்ல தண்ணி ஏறினாலே உப்புத் தண்ணிப் புழு சாகுமே, அதுதானே இது? கேள்வி நியாயமானதுதான். கழிமுகம் என்பது பிறவியிலேயே டென்ஷன் பார்ட்டி. இன்னிக்கு உப்பு, நாளைக்கு நல்ல தண்ணி, வெயிலில் சூடு, மழையில் கலங்கல். அழுக்கே இல்லாத கழிமுகத்தில்கூட தாக்குப்பிடிக்கிற ரவுடிப் புழுக்கள்தான் அதிகம் இருக்கும். மார்க் மோசமாகத்தான் வரும். விஞ்ஞானிகளே இதைக் 'கழிமுக முரண்' என்கிறார்கள். ஐரோப்பாவில் உட்கார்ந்து பிரித்த கோஷ்டிப் பட்டியல் வடகிழக்குப் பருவமழை வாங்குகிற நம்ம ஊர்ப் புழுவுக்கு அப்படியே பொருந்துமா என்கிற சண்டை வேற.

அப்போ பதில் சொல்ல ஒரே வழிதான். எண்ணெய் வராத வருஷங்களில், வெள்ளம் வந்தபோது இதே இடத்தில் என்னென்ன இருந்தது, என்னென்ன பிழைத்தது என்று யாராவது முன்னாடியே எண்ணி வைத்திருக்க வேண்டும். ஒண்ணுமே நடக்காத நாட்களில் வந்து, போர் அடிக்க அடிக்க எண்ணியிருக்க வேண்டும். என் ஃப்ரெண்ட் ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு இங்கே வருவது அதுக்குத்தான். அடுத்த விபத்துக்கு முந்தின அட்டெண்டன்ஸ் அவள் நோட்டில் இருக்கும்.

போர் என்றால் சாதாரண போர் இல்லை. சல்லடையில் நின்றதை ஃபார்மலின் ஊற்றி பாட்டிலில் அடைத்து, ரோஸ் பெங்கால் என்ற சாயம் சேர்ப்பார்கள். உயிரோடு இருந்ததெல்லாம் பஞ்சு மிட்டாய் கலரில் மாறும். அப்புறம் லேபில் ஒவ்வொன்றாக இடுக்கியில் எடுத்து மைக்ராஸ்கோப்பில் மயிரையும் தாடையையும் பார்த்துப் பேர் கண்டுபிடிக்கணும். அதுக்கு இன்னிக்கும் துணை, ஃபோவல் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி 1953-ல் வெளிவந்த இந்தியப் பாலிகீட் புத்தகம். ஒரு நாள் அள்ளலுக்கு எத்தனையோ வார எண்ணல். புழு பார்த்துப் பேர் சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்று புலம்பினாள். உயிரியல் குரூப் மக்கள் கவனிக்க!

நீங்க போறதா இருந்தா, தனியா தண்ணியில் இறங்காதீங்க. ஊர்க்காரங்க யாரையாவது கூட்டிக்கிட்டுப் போங்க. ஆழி கிழிக்கும், சேறு உள்ளே இழுக்கும். பறவை பார்க்கணும்னா காலையிலேயே போயிடுங்க.

சாயங்காலம் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தோம். கையைக் காட்டின அந்த அக்கா கரையேறி வந்து, பறியைக் கீழே வெச்சுட்டு எட்டிப் பார்த்தார். "இன்னாமா, இந்தச் சேத்த எட்த்துனு போயி இன்னா பண்ணுவ?"

"எண்ணுவேன்க்கா. உள்ள என்னென்ன உசுரு இருக்குன்னு."

"முன்னாடிகூட வந்து எட்த்துனு போனாங்கோ. இன்னா இருந்துச்சுன்னு யாரும் வந்து சொல்லலியே?"

என் ஃப்ரெண்ட் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசவில்லை. அப்புறம் அக்கா எந்த மாசங்களில் இங்கே இறங்குவார், எந்தப் பக்கம் இறங்குவார் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். ட்ரெயினில் எங்க வாசனைக்குப் பயந்து எதிர் சீட் காலியாகவே வந்தது. அவள் தூங்கிவிட்டாள். மடியில் திறந்திருந்த நோட்டில், மூன்றாம் நம்பர் இடத்துக்கு நேரே சேத்துக் கறையோடு எழுதியிருந்தாள்: 'மார்ச், அக்காவிடம் சொல்லணும்.'